செவலைக்கு என்ன சோறு?

கரிசல் பூமியில் 'சர்க்கரை' என்ற சொல் இனிப்பைக் குறிப்பதை நிறுத்தி வெகுகாலமாகிறது. 'அவருக்குச் சர்க்கரை' என்று சொன்னால் யாரும் திடுக்கிடுவதில்லை, 'எத்தனை வருசமா?' என்று மட்டும் கேட்பார்கள். நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவுடன் நடந்த ஆய்வு 2023இல் சொன்னது. கழுகுமலையின் தெருக்களில் நடப்பவர்களுக்கு அந்த எண் வியப்பளிக்காது. கம்பும் சோளமும் குதிரைவாலியும் அன்றாட உணவாகவும், நெல்லுச்சோறு திருநாள் உணவாகவும் இருந்த மண் இது. கி. ராஜநாராயணனையும் பூமணியையும் வாசித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரேஷன் அரிசி வந்தபோது கம்பு அடுப்படியை விட்டுப் போயிற்று. நீரிழிவு வந்தபோது அதே கம்பு, மருத்துவரின் அறிவுரையாகவும் கடைக்காரரின் புதிய விலையோடும் திரும்பி வந்திருக்கிறது.

ஆகவே எங்கள் வீட்டுப் பூனைக்குச் சர்க்கரை என்று தெரியவந்தபோது, கேள்விப்பட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் 'கம்பங்கூழ் குடுத்துப் பாருங்க' என்றார்கள். இரண்டாம் தரப்பினரின் அக்கறையில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் அந்த யோசனை ஒரு பூனைக்கு ஏன் பொருந்தாது என்பதையும், பொருந்துகிற ஒன்றை எங்கள் வருமானத்துக்குள் எப்படித் தேடினோம் என்பதையும் எழுதி வைப்பது பயனுடையது என்று தோன்றுகிறது.

நாங்கள் என்பது மூவர். ஒருவர் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் கணக்கெழுதுகிறவர். மற்றவர் வீட்டில் தையல் எந்திரம் வைத்திருக்கிறவர். மூன்றாமவர் அம்மா, பதினான்கு ஆண்டுகளாக நீரிழிவோடு வாழ்கிறவர். செவலைக்கு வயது பத்து. செவலை என்பது காளைக்கு வைக்கிற பெயர். நிறத்தைப் பார்த்து அம்மா வைத்தது. கருத்தடை செய்யப்பட்ட கடுவன். நல்ல காலத்தில் ஆறு கிலோ இருந்தது.

நோயை முதலில் கண்டது மருத்துவர் அல்லர், அம்மா. துணி துவைக்கும் தொட்டியில் செவலை நெடுநேரம் தண்ணீர் குடித்தது. கொல்லையில் அது தோண்டி மூடிய மணலில் எறும்புகள் சாரை வைத்தன. பழைய இந்திய மருத்துவர்கள் இந்நோயைக் கண்டறிந்த வழிகளில் இதுவும் ஒன்று. பிறகு அதன் நடை மாறிற்று. பூனை விரல்நுனியில் நடக்கிற விலங்கு. செவலையோ பின்னங்கால்களின் குதிகால் தரையில் பதிய, முயலைப் போல நடக்கத் தொடங்கியது. நீடித்த நீரிழிவு நரம்பைத் தாக்கும்போது சில பூனைகளுக்கு இப்படி ஆகும் என்பதைப் பின்னால்தான் அறிந்தோம்.

"எனக்கு வந்த மாதிரியேதான் இருக்கு. தண்ணியாக் குடிக்கான், தின்னுக்கிட்டே இருக்கான், ஆனா எலும்பாப் போறான்" என்றார் அம்மா.

கோவில்பட்டியில் நாங்கள் பார்த்த கால்நடை மருத்துவர் எடை போட்டபோது 4 கிலோ 200 கிராம் இருந்தது. இரத்தச் சர்க்கரை 380ஐத் தாண்டியிருந்தது. ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்து அவர் முடிவு சொல்லவில்லை. கூடையில் அடைத்துப் பேருந்தில் கொண்டுவரப்பட்ட பூனைக்கு அச்சத்தினாலேயே சர்க்கரை ஏறிவிடும். சிறுநீரிலும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார். கடந்த இரண்டு வாரங்களின் சராசரி நிலையைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் சோதனைக்கு இரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்தபின் சொன்னது இதுதான்: "ஊசி பாதி, சாப்பாடு பாதி. ஆனா சாப்பாட்ட மாத்துறதுக்கு முன்னாடி எங்கிட்டச் சொல்லிட்டு மாத்துங்க." அந்த இரண்டாவது வாக்கியத்தின் கனம் அப்போது எங்களுக்கு முழுதாக விளங்கவில்லை. அதைப் பற்றிப் பின்னர்.

பூனைக்கு வருகிற நீரிழிவு பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது. நடுவயதைக் கடந்தவை, கடுவன்கள், கருத்தடை ஆனவை, எடை மிகுந்தவை ஆகியவற்றுக்கே அதிகம் வருகிறது. கணையத்தில் அமிலாய்டு என்னும் புரதப் படிவு சேர்வதுவரை ஒப்புமை நீள்கிறது. ஆனால் தட்டுக்கு வரும்போது அம்மாவுக்கும் செவலைக்கும் உள்ள ஒப்புமை முடிந்துவிடுகிறது.

மனிதன் எல்லாம் தின்பவன். பூனை ஊன் தின்றே தீரவேண்டிய விலங்கு. அதன் எச்சிலில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி இல்லை. உணவுக்குப் பின் பெருகும் சர்க்கரையை விரைந்து கையாள மனிதரின் ஈரலில் உள்ள குளுக்கோகைனேஸ் என்னும் நொதி, பூனையின் ஈரலில் மிகக் குறைவு. தனக்கு வேண்டிய சர்க்கரையை அது புரதத்திலிருந்தே ஓயாமல் உண்டாக்கிக்கொள்கிறது. இனிப்பை உணரும் சுவை மொட்டுக்கு வேண்டிய மரபணுக்களில் ஒன்று பூனை இனத்தில் செயலிழந்து கிடப்பதை 2005இல் பிலடெல்பியாவின் மொனெல் ஆய்வு மையத்தினர் கண்டறிந்தார்கள். சர்க்கரை நோய் வந்த செவலைக்குச் சர்க்கரையின் சுவையே தெரியாது. இதைச் சொன்னபோது அம்மா நெடுநேரம் பேசவில்லை. கோவில்பட்டிக் கடலைமிட்டாயின் மணம் தெருவில் வரும்போதெல்லாம் முகம் திருப்பிக்கொள்ளப் பழகியவர் அவர்.

கம்பு மனித நீரிழிவாளருக்கு நல்லதென்று சொல்லப்படுவது, அரிசியோடு ஒப்பிட்டு. அதிலும் எடையில் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். நார்ச்சத்து கூடுதலென்பதால் சர்க்கரை மெல்ல ஏறும், அவ்வளவே. பூனைக்கு வேண்டியது மெல்ல ஏறும் மாவுச்சத்து அன்று. மாவுச்சத்தே இல்லாமை, அல்லது இல்லாமைக்கு அருகில். உணவின் மொத்தக் கலோரியில் மாவுச்சத்தின் பங்கு 12 விழுக்காட்டுக்கு மிகாமல் இருப்பது நல்லது என்பது இன்றைய கால்நடை மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. வெந்தயம், பாகற்காய்ச் சாறு, நாவல் கொட்டைப் பொடி ஆகிய யோசனைகளும் வந்தன. அவற்றை நன்றியோடு கேட்டுக்கொண்டோம்.

பட்டினி போடுவதும் வழியில்லை. 1922இல் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்படும்வரை, மனித நீரிழிவாளர்களைக் கடும் பட்டினியில் வைத்தே சில மாதங்களையோ ஆண்டுகளையோ நீட்டித்தார்கள். பூனையைப் பட்டினி போட்டால், அதிலும் பருத்திருந்த பூனையைப் போட்டால், சில நாட்களிலேயே ஈரலில் கொழுப்பு படிந்து இறந்துவிடக்கூடும். ஆகவே 'இதைத் தின்னாவிட்டால் கிட' என்று செவலையோடு பிடிவாதம் பிடிக்க இயலாது. உணவு ஏற்றதாகவும் இருக்கவேண்டும், மலிவாகவும் இருக்கவேண்டும், அந்தச் சீமான் தின்பதாகவும் இருக்கவேண்டும். மூன்றும் ஒருசேர அமைவது, வரன் பார்ப்பவர்களுக்குத் தெரியும், எளிதன்று.

முதலில் கடைகளில் பார்த்தோம். கழுகுமலையில் பூனை உணவென்று கிடைப்பது உலர்ந்த துணுக்குகள் மட்டும். கோவில்பட்டியில் உறைகளில் அடைத்த ஈர உணவும் உண்டு. எந்த உறையிலும் மாவுச்சத்து எவ்வளவு என்று அச்சிடப்பட்டிருக்கவில்லை. புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம் ஆகியவற்றைப் போடுகிறார்கள். சிலர் சாம்பலையும் போடுகிறார்கள். மாவுச்சத்து, சொல்லாமல் விடப்பட்ட மிச்சம். கணக்கெழுதுகிறவருக்கு இந்த வகை மிச்சம் பழக்கமானது.

கணக்கு இப்படி. உலர் உணவின் உறையில் புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10 என்று இருந்தது. சாம்பலை 8 என்று வைத்துக்கொண்டோம். கூட்டினால் 62, நூறில் மிச்சம் 38, அதுவே மாவுச்சத்து. இதைக் கலோரிக்கு மாற்றவேண்டும். புரதத்துக்கும் மாவுக்கும் கிராமுக்கு 3.5, கொழுப்புக்கு 8.5. புரதம் 105, கொழுப்பு 85, மாவு 133, மொத்தம் 323. அதில் மாவின் பங்கு 41 விழுக்காடு. ஈர உணவில் புரதம் 8, கொழுப்பு 3, நார் 1, ஈரம் 84. சாம்பல் 2 என்று கொண்டால் மிச்சம் 2. கலோரி மொத்தம் அறுபதரை, மாவின் பங்கு ஏழு. ஏறத்தாழ 12 விழுக்காடு. அச்சிடப்படுபவை குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகள் என்பதால் இது தோராயமே. ஆனாலும் 41க்கும் 12க்கும் உள்ள தொலைவைத் தோராயம் மறைத்துவிடாது. 'தானியமற்றது' என்று பொறித்திருந்த ஓர் உறையையும் இதே கணக்கில் போட்டுப் பார்த்தோம். தானியத்தின் இடத்தில் கிழங்கும் பட்டாணியும் இருந்தன. மிச்சம் பெரிதாகக் குறையவில்லை.

நீரிழிவுப் பூனைகளுக்கென்றே தயாரிக்கப்படும் மருத்துவ உணவும் இருக்கிறது. பை 2,000 ரூபாய்க்கு மேல், வரவழைத்துத்தான் வாங்கவேண்டும். ஒரு பை தீர்வதற்குள் அடுத்தது வந்து சேருமா என்பது உறுதியில்லை. ஊசி போடப்படும் பூனைக்கு நாளுக்கொரு உணவென்று மாறிக்கொண்டிருக்கக் கூடாது என்பதால் அதை விட்டோம்.

இனி ரூபாய்க் கணக்கு. செவலைக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஏறத்தாழ 200 கிலோகலோரி. உலர் உணவென்றால் 62 கிராம் போதும். மாதம் 700 ரூபாய்க்குள் முடியும். 85 கிராம் ஈர உணவு உறை ஒன்றில் 51 கிலோகலோரிதான் இருக்கிறது. நாளுக்கு நான்கு உறை வேண்டும். ஓர் உறை 45 ரூபாய் என்றால் நாளுக்கு 180, மாதம் 5,400. தையல் எந்திரம் சில மாதங்களில் அவ்வளவு ஈட்டுவதில்லை.

மூன்றாவது வழி அடுப்படி. தோல் நீக்கிய கோழித் தொடைக்கறி நூறு கிராமில் 120 கிலோகலோரி இருக்கிறது, மாவுச்சத்து இல்லை. நாளுக்கு ஓர் உறை ஈர உணவும் 120 கிராம் கோழிக்கறியும் என்று வைத்தால் கலோரி நிறைகிறது. மாவின் பங்கு மூன்று விழுக்காடாக இறங்குகிறது. செலவு நாளுக்கு 83 ரூபாய், மாதம் 2,500 ஆகிறது. மருத்துவர் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு இரண்டு திருத்தங்கள் சொன்னார். வெறும் கறி முழு உணவாகாது. அதில் பாஸ்பரஸ் உண்டு, கால்சியம் இல்லை. எலியைத் தின்னும் பூனை எலும்போடு தின்கிறது. நாம் எலும்பை நீக்கிவிட்டுக் கொடுக்கிறோம். ஆகவே முட்டை ஓட்டை வறுத்துப் பொடித்து அவர் சொன்ன அளவில் சேர்க்கவேண்டும். இரண்டாவது, டாரின். பூனை தன் உடலில் இதைப் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள இயலாது. டாரின் குறைந்த உணவினால் பூனைகளின் இதயத் தசை நலிவதை 1987இல் கலிபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள். அதன் பின்னரே பூனை உணவு ஆலைகள் அதைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கின. கோழியின் இதயத்தில் டாரின் மிகுதி. வேகவைக்கும்போது அது நீரில் இறங்கிவிடும் என்பதால் வெந்த நீரைக் கொட்டக்கூடாது. மற்ற உயிர்ச்சத்துகளுக்கு ஒரு பொடி எழுதித் தந்தார். அதற்கு மாதம் 200 ரூபாய்.

கோழிக்கடைக்காரர் எங்களுக்குப் பழக்கமானவர். "பூனைக்குத்தானே அண்ணாச்சி, தோலும் கழிவும் சும்மாவே எடுத்துட்டுப் போங்க" என்றார். தோலில் கொழுப்பு மிகுதி. நீரிழிவுப் பூனைக்கு அது கணையத்துக்குச் சுமையாகலாம். எங்களுக்கு வேண்டியது இதயம் என்றதும் ஒரு கணம் எங்களைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இதயங்களைத் தனியே ஒரு பையில் எடுத்து வைக்கத் தொடங்கினார். இன்றுவரை அவற்றுக்குக் காசு வாங்கியதில்லை. ஈரலும் மலிவுதான். ஆனால் அளவு மிஞ்சினால் ஏ உயிர்ச்சத்து சேர்ந்து எலும்பைக் கெடுக்கும் என்பதால் வாரத்துக்கு ஒரு துண்டு.

தூத்துக்குடிப் பக்கமிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவருகிறவரிடம் சாளை மலிவாகக் கிடைக்கும். சாளையும் நெத்திலியும் பச்சையாகக் கொடுத்தால் அவற்றிலுள்ள ஒரு நொதி பி1 உயிர்ச்சத்தை அழிக்கும்; வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். வாரம் இருமுறை கோழிக்குப் பதில் வேகவைத்த சாளை. கருவாடு கூடாது, உப்பு மிகுதி. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களை உடைக்கும் என்பதால் குழம்பில் கிடந்த மீன் துண்டும் கூடாது. பால்சோறும் தயிர்ச்சோறும் தெருவில் யாரும் இரக்கப்பட்டு வைத்துவிடாதிருக்க, அம்மா திண்ணையில் உட்கார்ந்து காவல் காத்தார்.

இவ்விடத்தில் மலையைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து பார்த்தால் தெரிகிற அந்தப் பாறையில்தான் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன், எங்கெங்கோ இருந்த ஊர்க்காரர்களும் குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியரும் செய்வித்தவை. கீழே வட்டெழுத்தில் பெயர்கள். கொல்லாமையை அறத்தின் தலையில் வைத்தவர்கள் அவர்கள். அந்தப் பாறையின் நிழல் விழும் ஊரில், ஞாயிறுதோறும் கோழியின் இதயங்களைச் சிறுசிறு துண்டாக நறுக்குகிறோம். எங்களில் ஒருவர் பதினெட்டு ஆண்டுகளாக மரக்கறி உண்பவர். நறுக்குவது பெரும்பாலும் அவரே, மற்றவருக்கு ஆலைக்குப் போகும் நேரம் என்பதால். பூனைக்கு மரக்கறி உணவு கொடுத்தால் என்ன என்று அவர் ஒருமுறை கேட்டதுண்டு. அர்ஜினின் என்னும் அமினோ அமிலம் அறவே இல்லாத ஒரே ஒரு வேளை உணவு, பூனையின் இரத்தத்தில் அம்மோனியாவை ஏற்றி அதைச் சில மணி நேரத்தில் வீழ்த்திவிடும் என்று 1978இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தபின் அக்கேள்வி எழவில்லை. ஒரு உயிரைப் பேண மற்றொன்று. இதற்கு எங்களிடம் விடை கிடையாது. நறுக்கிய பலகையைத் தனியே கழுவி வைக்கிறோம்.

இன்னொரு கேள்விக்கும் நேரான விடை எங்களிடம் இல்லை. ஊசி மருந்து, ஊசிகள், சோதனைப் பட்டைகள் எல்லாம் சேர்த்து மாதம் 1,500 ரூபாய் ஆகிறது. உணவோடு சேர்த்தால் 4,200. 'மனுசனுக்கே வழியில்ல, பூனைக்கா?' என்று உறவினர் ஒருவர் கேட்டார். அவர் கெட்டவர் அல்லர்; மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எங்களிடம் கைமாற்றுக் கேட்டு, நாங்கள் பாதிதான் கொடுக்க முடிந்திருந்த வாரம் அது. அம்மாவுக்கு மாத்திரை அரசு செலவில் வந்தது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபின் வீட்டு வாசலுக்கே வந்தது. செவலைக்கு அப்படி ஏதுமில்லை. செவலையை வலியில்லாமல் முடித்துவிடலாமா என்று ஓர் இரவு நாங்கள் பேசினோம். பேச்சு பாதியில் நின்றது. அம்மா படுத்திருந்த கட்டிலிலிருந்து சொன்னார்: "எனக்குக் காசு ஆவுதுன்னு இப்படித்தான் பேசுவீகளா?" அது நியாயமான ஒப்பீடு அன்று என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அதன்பின் அப்பேச்சை எடுக்கவில்லை. வார இதழ்கள் இரண்டை நிறுத்தினோம், நூலகத்தில் படித்துக்கொள்கிறோம். வெளியூர்த் திருமணங்களுக்கு ஒருவர் மட்டும் போகிறோம். காலை ஆறரைக்கும் மாலை ஆறரைக்கும் ஊசி போட ஒருவர் வீட்டில் இருக்கவேண்டும்.

மருத்துவரின் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். உணவில் மாவுச்சத்து இறங்கும்போது இன்சுலின் தேவையும் இறங்கும், சில நாட்களிலேயே. பழைய உணவுக்கு அளந்த ஊசியைப் புதிய உணவின்மேல் போட்டால் சர்க்கரை தாழ்ந்து வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். ஆகவே அவர் வேளைக்கு ஓர் அலகு என்று மிகக் குறைவாகத் தொடங்கினார். பத்து நாட்கள் எடுத்துக்கொண்டு, பழைய உணவில் கால் பங்காகக் குறைத்துக் குறைத்துப் புதியதைச் சேர்க்கச் சொன்னார். மருந்து மில்லிலிட்டருக்கு 100 அலகு கொண்டது. கடையில் 40 அலகு மருந்துக்கான ஊசிக்குழலை எடுத்துக் கொடுத்தபோது திருப்பிக் கொடுத்து மாற்றினோம். மாறிப்போனால் ஓர் அலகு இரண்டரை அலகாகிவிடும். பூனை தள்ளாடினால் ஈற்றில் தடவத் தேன் குப்பி ஒன்று அலமாரியில் இருக்கிறது. அம்மாவின் சர்க்கரைமானிதான் செவலைக்கும். காது விளிம்பில் ஒரு சொட்டு. மனிதருக்கான கருவி பூனை இரத்தத்தில் சற்றுக் குறைத்துக் காட்டக்கூடும் என்பதையும் கணக்கில் வைக்கிறோம். காலையில் இருவரின் எண்களும் ஒரே நோட்டில் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் எழுதப்படுகின்றன.

பூனையின் இன்சுலின் மாட்டின் இன்சுலினிலிருந்து ஒரே ஒரு அமினோ அமிலத்தில்தான் வேறுபடுகிறது. மனித இன்சுலினிலிருந்து நான்கில். செவலை என்று மாட்டுப் பெயர் வைத்தது பொருத்தம்தான் என்று அம்மாவிடம் சொன்னோம். அவர் இதை ஒரு செய்தியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "அதான் எனக்குத் தெரியுமே" என்றார்.

இப்போது ஐந்தாவது மாதம். எடை 4 கிலோ 800. குதிகால் தரையைவிட்டு எழும்பியிருக்கிறது. இடது கால் இன்னும் சற்றுத் தாழ்கிறது. தொட்டியில் தண்ணீர் குடிப்பதில்லை. மணலில் எறும்பில்லை. ஊசி வேளைக்கு அரை அலகாகக் குறைந்திருக்கிறது. தொடக்கத்திலேயே மருத்துவமும் ஏற்ற உணவும் அமைந்த பூனைகளில் கணிசமானவற்றுக்கு ஊசியே தேவைப்படாத நிலை வருவதுண்டு. அது நிலைக்கலாம், மீண்டும் நோய் திரும்பவும் செய்யலாம் என்கிறார் மருத்துவர். அடுத்த மாதம் ஊசியை நிறுத்திப் பார்க்கலாமா என்று முடிவு செய்வோம் என்றிருக்கிறார். நின்றாலும் உணவு மாறாது. சோறு திரும்ப வராது. ஞாயிற்றுக்கிழமைப் பையும் நறுக்கு பலகையும் செவலை இருக்கும் வரை இருக்கும்.

சென்ற வாரம் உறவினர் வந்திருந்தார், கைமாற்றில் பாதியைத் திருப்பிக் கொடுக்க. திண்ணையில் அமர்ந்திருந்தபோது செவலை மதில்மேல் ஏறியது, ஒரே தாவலில். அவர் சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தன் மாமியாருக்கு இப்போது 280 இருக்கிறது, அரிசியை எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்டார். நோட்டை எடுத்துவந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.